வாசல் பேவர் பிளாக் தரை: கழுவுவதா, சீலர் பூசுவதா, பெயர்த்துப் பதிப்பதா, கான்கிரீட் போட்டு மூடுவதா?

பேவர் பிளாக் பதித்து ஐந்தாறு மழைக்காலம் கண்ட வாசல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டைத் தாண்டியதும் கார் சக்கரத் தடத்தில் இரண்டு பள்ளம். குழாயடியில் பாசி. மதிற்சுவர் ஓரமாக அருகம்புல்லும் அம்மான் பச்சரிசியும். வண்டி நிறுத்தும் இடத்தில் ஆயில் கறை, நாவல் மரம் இருந்தால் ஆனி ஆடியில் ஊதாக் கறை. என்ன செய்யலாம் என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். நன்றாகக் கழுவினாலே போதும் என்பார் ஒருவர். பெயின்ட் கடைக்காரர் சீலர், அதாவது கல்லுக்குப் பூசும் காப்புப் பூச்சு, என்பார். கொத்தனார் எல்லாவற்றையும் பெயர்த்துப் பதிக்க வேண்டும் என்பார். வீட்டுப் பெரியவர், "பேசாமல் கான்கிரீட் போட்டு மூடு, தலைவலி விட்டது" என்பார்.

நால்வர் சொல்வதும் ஏதோ ஒரு பழுதுக்குச் சரியான மருந்துதான். உங்கள் வாசலில் இருப்பது அந்தப் பழுதா என்பதே கேள்வி. சென்னைப் புறநகரில் களிமண் மனையில் இருக்கும் என் வீட்டு வாசலில், அமிழ்ந்துபோன தரைக்குப் பளபளவென்று சீலர் பூசிய புத்திசாலி நான். பள்ளம் பளபளப்பான பள்ளமாயிற்று, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே கற்களைப் பெயர்த்தபோது சீலருக்குக் கொடுத்த பணமும் மண்ணோடு போயிற்று.

## எதை வைத்து எடைபோடுவது

பேவர் பிளாக் தரையில் சிமென்ட் ஒட்டு கிடையாது. கெட்டித்த ஜல்லிப் படுகை, அதன்மேல் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் மணல், அதன்மேல் கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடுக்கு, இடுக்கு நிறைய நுண்மணல், சுற்றிலும் எல்லாவற்றையும் நெருக்கிப் பிடிக்கும் ஓரக்கட்டு. ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏறினால் அந்தப் பாரத்தை அண்டைக் கற்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இடுக்கில் இருக்கும் மணல்தான். மணல் போனால் ஒவ்வொரு கல்லும் தனி ஆள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை:

- பழுது இருக்கும் இடத்தைத் தொடுகிறதா, அல்லது அதன் மேல் போர்வை போர்த்துகிறதா
- மழைநீர் எங்கே போகும்
- ஈரத்தில் வழுக்குமா
- நாளைக்குக் குழாய் உடைந்தால் தரையைத் திறந்து மூட முடியுமா
- ஆண்டுதோறும் எவ்வளவு உழைப்பு கேட்கும்
- முதல் நாள் சொல்லாத செலவு என்ன

அழகைக் கடைசியாகக்கூடச் சேர்க்கவில்லை. மற்றவை சரியாக இருந்தால் இந்தத் தரை தானாகவே பார்க்கும்படி இருக்கும்.

## முடிவெடுக்கும் முன் அரைமணி நேரச் சோதனை

ஒரு தீக்குச்சியை எடுத்து இடுக்குகளில் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கினால் மணல் இருக்கிறது. பாதிக் குச்சி இறங்கினால் மணல் போய்விட்டது. பல இடங்களில் இப்படிச் செய்யுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்திலும் எறும்புப் புற்று உள்ள இடத்திலும் கட்டாயம் பாருங்கள். எறும்பு, படுகை மணலைச் சலித்து மேலே கொண்டுவந்து குவிக்கும் வேலையை ஆண்டு முழுவதும் சம்பளமில்லாமல் செய்கிறது.

அடுத்து, நான்கைந்து வாளித் தண்ணீரைக் கொட்டி அது எங்கே போய்த் தேங்குகிறது என்று பாருங்கள். வீட்டுச் சுவரை நோக்கி ஓடினால் வாட்டம் (தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு) தவறு. எந்தச் சீலரும் வாட்டத்தைத் திருத்தாது. கடைசியாக நீளமான மட்டக்கோலைப் பள்ளத்தின் குறுக்கே வையுங்கள். கோலுக்குக் கீழே ஒரு விரல் நுழைந்தால் பழுது கல்லில் இல்லை, படுகையில் இருக்கிறது.

மேற்பரப்பு, இடுக்கு, படுகை. மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் முடிவில் முக்கால்வாசி முடிந்தது.

## வழி 1: கழுவி, களை எடுத்து, மணல் நிரப்புவது

பாசி, களை, மேல்கறை, காலியான இடுக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் வைத்தியம். பெரும்பாலான வீடுகளுக்குக் கடைசி வைத்தியமும் இதுவே என்பது என் எண்ணம்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போதும். பத்து லிட்டர் வாளியில் ஒரு கைப்பிடி கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். வண்டலோடு ஊற்றினால் கல்மேல் வெள்ளையாகப் படியும். வண்ணக் கல்லாக இருந்தால் மூலையில் ஒரு கல்லில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக்கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் கம்பித்துகள் துருவாகிப் புதுக் கறை கொடுக்கும்.

குளியலறைக்கு வாங்கிய ஆசிட்டை வாசலில் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கறை போகும், உண்மைதான். கறையோடு கல்லின் சிமென்ட் தோலும் போகும். உள்ளிருக்கும் சிறுகல் வெளியே தெரிய ஆரம்பித்தால், சொரசொரப்பான அந்தப் பரப்பில் அடுத்த பாசி இன்னும் எளிதாகப் பிடிக்கும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த வாசலில்கூட நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்றைப் போட்ட நாளில் மற்றொன்றைத் தொடாதீர்கள்.

புதுத் தரையில் முதல் ஓராண்டில் வெள்ளைப் பூப் பூத்தாற்போல் தெரிவது அழுக்கல்ல. கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிவது அது. மழையிலும் வெயிலிலும் தானாகவே குறையும். பொறுத்திருப்பதைத் தவிர வேறு வைத்தியம் தேவையில்லை. உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் மட்டும் இது வேறு கதை. தினமும் அந்தத் தண்ணீரைத் தெளித்தால் வெள்ளை தினமும் வரும்.

ஆயில் சிந்தினால் உடனே மரத்தூளையோ கோலமாவையோ கொட்டி உறிஞ்சவிட்டுப் பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பால் தேய்க்க வேண்டும். கார்த்திகை விளக்கு வைத்த இடத்து எண்ணெய்க்கும் இதேதான். ஒரு வாரம் கழித்து வரும் ஞானத்தால் பயனில்லை.

களை பெரும்பாலும் கீழிருந்து வருவதில்லை. இடுக்கில் படியும் தூசியில் காற்று கொண்டுவந்து போடும் விதை முளைக்கிறது. கோரை மட்டும் விதிவிலக்கு. அதன் கிழங்கு அடியில் இருக்கும், பிடுங்கப் பிடுங்க வரும். சோறு வடித்த கொதிகஞ்சியை இடுக்கில் ஊற்றினால் சிறுசெடிகள் வாடிவிடும் (கஞ்சிப் பசைக்கு எறும்பு வரும் என்பதால் நான் வெறும் வெந்நீர் கட்சி). உப்பைக் கொட்டாதீர்கள். மதிலோரத்து முருங்கையும் செம்பருத்தியும் அந்தக் கணக்கைத் தீர்க்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தில் இருக்கிறது. அது பாசியோடு இடுக்கு மணலையும் அள்ளிக்கொண்டு போகிறது. அறுநூறு சதுர அடி வாசலில், 20 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள 6 செ.மீ. தடிமன் கற்களுக்கு இடுக்கு நிறைய ஏறக்குறைய 230 கிலோ மணல், அதாவது ஐந்து சிமென்ட் சாக்கு மணல் பிடிக்கும். இயந்திரம் மேலே இரண்டு சென்டிமீட்டரை வாரிவிட்டால் ஒன்றரைச் சாக்குக்கு மேல் திரும்பப் போட வேண்டும். கழுவ வருகிறவர் மணல் நிரப்பித் தருவதில்லை. முன்பே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பீய்ச்சுகிற குழலை ஓரடி தள்ளி, சாய்வாக, இடுக்குக்குக் குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். ரப்பர் அச்சில் வார்த்த பளபளப்புக் கல்லாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை. வண்ணம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கும்.

நிரப்பும் மணல் நன்கு உலர்ந்து, 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் முழுதும் விழக்கூடியதாக இருக்க வேண்டும். ஈர மணல் மேலேயே அடைத்துக்கொண்டு கீழே காலியாக நிற்கும். பரப்பி, விளக்குமாற்றால் நாலாபுறமும் தள்ளி, திமிசு (தரையைத் தட்டி இறுக்கும் கருவி) போட்டு, மறுபடி தள்ளுங்கள். ஒரு வாரம் மிச்ச மணலை அப்படியே விட்டுவைத்தால் நடக்க நடக்க இறங்கும். வீட்டுக்குள் மணல் வருகிறது என்ற முணுமுணுப்பு அந்த ஒரு வாரத்தோடு முடிந்துவிடும்.

## வழி 2: சீலரும் பாலிமர் மணலும்

சீலரில் இரண்டு ஜாதி உண்டு. அக்ரிலிக் வகை கல்லின் மேல் படலமாக நிற்கும். வண்ணம் ஆழமாகத் தெரியும், பளபளக்கும். சிலேன், சிலாக்சேன் வகை கல்லுக்குள் இறங்கி நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும், தோற்றம் மாறாது.

கடையில் காட்டும் மாதிரியில் அக்ரிலிக்தான் கண்ணைப் பறிக்கும். நம் ஊர் வாசலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் வழுக்கும், வீட்டில் எழுபது வயதுக்காரர் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். அடியில் ஈரமிருந்தால் படலத்துக்குக் கீழே வெண்மை பூக்கும், அதைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. வெயில் நேரே விழும் இடத்தில் ஒன்றிரண்டு ஆண்டில் திட்டுத் திட்டாக உரியும். உரிந்ததன் மேல் அப்படியே பூச முடியாது. பழையதைக் கரைத்து எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். அந்தக் கூலி முதல் தடவை யாரும் சொல்லாத கூலி.

உள்ளே இறங்கும் வகை அப்படியல்ல. நாவல் மரத்தடி போன்ற இடத்துக்கு அது பொருத்தம். கறையை முழுதும் தடுக்காது. கறை ஊறுவதைத் தாமதப்படுத்தும், துடைக்க அவகாசம் கொடுக்கும். மாசி பங்குனியில், தரை ஒரு வாரம் நன்றாகக் காய்ந்த பின், கல் சூடேறும் முன் காலையில் பூசுவது நல்லது. புதிதாகப் பதித்த தரையென்றால் வெள்ளைப் பூ அடங்கும்வரை காத்திருங்கள்.

பாலிமர் மணல் என்பது பசை கலந்த இடுக்கு மணல். தண்ணீர் தெளித்ததும் இறுகும். களையும் எறும்பும் குறையும். போடும்போது கல்லும் இடுக்கும் எலும்பாய் உலர்ந்திருக்க வேண்டும். கல்மேல் தூள் தங்கிவிட்டால் வெண்படலமாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள்வரை மழை வரக்கூடாது. படுகையில் நீர் தேங்கும் வாசலில் பசை நிற்காது. சாதாரண மணலைவிடப் பல மடங்கு விலை என்பதால், வாசல் முழுவதும் போடாமல் களை விடாமல் வரும் மதிலோர இரண்டடிக்கு மட்டும் போடுவது கணக்குக்கு ஒத்துவரும்.

## வழி 3: பெயர்த்து மீண்டும் பதிப்பது

பள்ளம், தவறான வாட்டம், ஆடும் கற்கள் இருந்தால் வேறு வழியில்லை. பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: கழிவுநீர்க் குழாய் பதித்த பள்ளத்தை மண்ணைத் தள்ளி மூடி, கெட்டிக்காமல் விட்டது, மணலுக்குப் பதில் கிரஷர் தூளைக் கொட்டியது, ஓரக்கட்டு இல்லாமல் கற்கள் விலகியது, பெருச்சாளி. கடைசியைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே அது போட்டு வைத்திருக்கும் வளையை, கற்களைப் பெயர்த்த பிறகுதான் பார்த்தேன்; என் முழங்கை வரை உள்ளே போயிற்று.

கிரஷர் தூள் ஏன் கெடுதல்? மாவுபோன்ற பொடி அதில் அதிகம். நீரை வடியவிடாமல் பிடித்துவைக்கும். மழையில் சேறாகி, சக்கரம் ஏறும்போது இடுக்கு வழியாக மேலே பிதுங்கும். மலிவாகக் கிடைப்பதால் பதிப்பவர்கள் விரும்புகிறார்கள். கழுவிச் சலித்த, பருவெட்டான எம்-சாண்ட் அல்லது மணல் கேளுங்கள். அறுநூறு சதுர அடிக்கு மூன்று சென்டிமீட்டர் படுகை என்றால் ஏறக்குறைய அறுபது கன அடி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். கூலியோடு ஒப்பிட்டால் அந்த விலை வித்தியாசம் பெரிதல்ல.

கூலி ஏன் அதிகம் என்பதற்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அளவுக் கல் ஒன்று மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அறுநூறு சதுர அடியில் சுமார் 2,800 கல். எட்டு டன்னைத் தூக்கி அடுக்கி, மீண்டும் தூக்கிப் பதிக்க வேண்டும். அதனால்தான் முழு வாசலையும் பெயர்க்க வேண்டும் என்று கேட்டவுடன் தலையாட்ட வேண்டாம் என்கிறேன். பள்ளம் உள்ள இடத்தைச் சுற்றி இரண்டடி சேர்த்துப் பெயர்த்தால் பெரும்பாலும் போதும். முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். இரு பக்கமும் தட்டையான கம்பியைச் செருகி நெம்பலாம், அல்லது ஒரு கல்லை உடைத்துப் பலிகொடுக்கலாம். மீண்டும் பதிக்கும்போது சுற்றுத் தரையைவிட அரை சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் திமிசில் இறங்கிச் சமமாகும். வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டைவிட்டு வெளியே.

மறைமுகச் செலவுகள் மூன்று. உடைந்த கல்லுக்குப் பதில் வாங்கும் புதுக் கல்லின் நிறம் பழையதோடு சேராது; கண்ணில் படாத மூலையிலிருந்து பழைய கல்லை எடுத்து நடுவில் போட்டு, புதியதை மூலையில் போடுங்கள். ஓரக்கட்டு இல்லாத வீட்டில் அதையும் கட்ட வேண்டும். கட்டாமல் பதித்தால் மூன்று ஆண்டில் மீண்டும் இதே வேலை. பெயர்த்த பிறகுதான் கல் 5 செ.மீ. தடிமன் என்று தெரிந்தால் அது மூன்றாவது. பேவர் கற்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15658, ஐந்து சென்டிமீட்டரை வாகனம் ஏறாத நடைபாதைக்குத்தான் வைத்திருக்கிறது. கார் ஏறும் இடத்துக்குக் குறைந்தது ஆறு வேண்டும்.

## வழி 4: சிமென்ட்டால் அடைப்பது, கான்கிரீட்டால் மூடுவது

இடுக்கில் சிமென்ட் கரைசல் ஊற்றுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஆதரிக்கவில்லை. கீழே படுகை அசைகிறது, மேலே விறைப்பு. முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விடும். அதற்குள் நீர் இறங்கும், ஆனால் ஏறி உலராது. கல்லைப் பிறகு முழுதாக எடுக்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தில் தெருச் செங்கல்லுக்கு மாற்றாக இந்தக் கல் வந்தபோது, மணலில் பதி, வேண்டும்போது எடு, மறுபடி பதி என்பதுதான் அதன் வசதி. நம் ஊரில் பாதாளச் சாக்கடை இணைப்புக்குத் தோண்டுகிற நாளில் அந்த வசதியின் அருமை தெரியும்.

கற்களின் மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போடுவதும் அதே தவறின் விலை கூடிய வடிவம். கேட் தரையில் உரசும், சம்ப் மூடி பள்ளத்துக்குள் போகும், மழை போர்டிகோவுக்குள் எட்டிப் பார்க்கும். மழைநீர் சேகரிப்பை 2003-இல் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. மனையில் நீர் மண்ணுக்குள் இறங்கும் கடைசி இடத்தையும் மூடிவிட்டு, மாடித் தண்ணீருக்கு மட்டும் குழி வெட்டுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் கான்கிரீட்டே சரியான இடங்கள் உண்டு. துணி துவைக்கும் கல்லடி, பாத்திரம் கழுவும் பின்கட்டு என நாள் முழுவதும் சோப்புத் தண்ணீர் ஓடும் இடம். சக்கர நாற்காலியோ நடைவண்டியோ செல்ல வேண்டிய பாதை. அங்கே கற்களை முழுதும் எடுத்துவிட்டு, அடித்தளத்தைக் கெட்டித்து, நான்கு அங்குலம் கான்கிரீட்டை இணைப்புக் கோடுகளோடு போடுங்கள். எடுத்த கற்கள் வாசலுக்கு உதிரியாகும். வாசற்படிக்கு எதிரே நாலடிக்கு நாலடி வழவழப்பான தளம் கேட்ட என் அம்மாவின் கட்சியும் இதில்தான் சேரும். இடுக்கில் புள்ளி வைத்து யாரால் கோலம் போட முடியும்?

## ஒரே பார்வையில்

| | கழுவி மணல் நிரப்பல் | சீலர், பாலிமர் மணல் | பெயர்த்துப் பதித்தல் | கான்கிரீட் |
|---|---|---|---|---|
| தீர்க்கும் பழுது | பாசி, களை, காலி இடுக்கு | கறை, விடாத களை | பள்ளம், வாட்டம், ஆட்டம் | எப்போதும் ஈரமான இடம் |
| தீர்க்காதது | பள்ளம் | பள்ளம், வாட்டம் | கறை | கெட்டிக்காத அடிமண் |
| மழைநீர் | ஓரளவு உள்ளே இறங்கும் | குறைவாக இறங்கும் | ஓரளவு உள்ளே இறங்கும் | முழுதும் வெளியே ஓடும் |
| ஈரத்தில் வழுக்கல் | பாசி இல்லையென்றால் இல்லை | அக்ரிலிக் வழுக்கும் | இல்லை | சொரசொரப்பாக முடித்தால் இல்லை |
| தரையைத் திறப்பது | எளிது | சற்றுச் சிரமம் | எளிது | உடைக்க வேண்டும் |
| ஆண்டு உழைப்பு | இரண்டு நாள் | சில ஆண்டுக்கொருமுறை மறுபூச்சு | முதல் வழியைப் போலவே | மிகக் குறைவு |
| சொல்லாத செலவு | போன மணல் | பழைய படலத்தை எடுக்கும் கூலி | ஓரக்கட்டு, நிறம் சேராத கல் | கேட், சம்ப் மூடி, வாசல் மட்டம் |

## யாருக்கு எது

தீக்குச்சி இறங்கவில்லை, மட்டக்கோல் ஒட்டி நிற்கிறது, பாசி மட்டும்தான் என்றால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடகை வீட்டிலும் அதுவே. சக்கரத் தடம் மட்டும் அமிழ்ந்திருந்தால் அந்த நாற்பது ஐம்பது சதுர அடியை மட்டும் பெயர்த்துப் பதித்து, மீதி இடத்துக்கு மணல் நிரப்புங்கள். தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி வந்தால் முழு வாசலையும் பெயர்க்கச் சொல்லும் கொத்தனார் சொல்வது சரி. கடன் வாங்கியாவது செய்யலாம், ஏனென்றால் அடுத்து ஓதம் ஏறப்போவது உங்கள் சுவரில். சீலர் ஆசை இருந்தால் இவை எல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் போகட்டும். தரை அமிழவில்லை என்று உறுதியான பின் கறை விழும் இடத்தில் மட்டும் பூசுங்கள்.

தெருவில் பாதாளச் சாக்கடை வேலை நடக்கப்போகிறது என்று பேச்சு இருந்தால் எதையும் இப்போது தொடங்காதீர்கள். இணைப்பு வந்த பிறகு பெயர்க்கலாம். தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு மூடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

என் வீட்டில் இப்போது இரண்டு வேலைகள்தான். புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன், காலியான இடுக்குகளுக்கு ஒரு சாக்கு மணல். தை பிறந்ததும் பாசி தேய்ப்பது. பெருச்சாளி வளைக்கு உடைந்த கண்ணாடியும் கலவையும் போட்டு அடைத்தாயிற்று. மதிலின் மறுபக்கம் புதிதாக ஒன்று தோண்டிக்கொண்டிருக்கிறது. மிச்சமான முப்பது கற்களை மதிலோரம் அடுக்கி வைத்திருக்கிறேன்.